கேட்பார் இல்லாத ஞாயிறு

மேற்படிப்பை நாடி ஜெர்மனி நாட்டின் மியூன்ஸ்டர் நகருக்கு வந்து, முதல் குளிர்காலத்தைக் கடந்துகொண்டிருக்கின்றோம். பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்ப எண்ணும் பெற்றோருக்குப் பயன்படுமென்று கருதி, இங்கு கண்டவற்றுள் சிலவற்றை எழுதத் துணிகின்றோம்.

இந்நகரப் பல்கலைக்கழகத்தில், பருவந்தோறும் செலுத்தும் சிறு தொகையன்றிக் கல்விக் கட்டணம் இல்லை. ஆயினும், விசா பெற ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை வங்கியில் முன்னதாகவே முடக்கிக் காட்டவேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. மாதந்தோறும் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கையே எடுக்க இயலும். நம் இல்லங்கள் பலவற்றில் அத்தொகை தாயின் நகையும் தந்தையின் நிலமுமாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

வகுப்பறை வியப்புகள் பல. பத்து மணி வகுப்பு பத்தேகாலுக்குத் தொடங்குவது இங்கு பழைய மரபு. விரிவுரை முடிந்ததும் மாணவர் கைதட்டுவதில்லை. விரல் முட்டியால் மேசையைத் தட்டுகின்றனர். மதிப்பெண்ணில் 1 என்பது சிறப்பு. 5 என்பது தோல்வி. இவையெல்லாம் சில வாரங்களில் பழகிவிடுகின்றன.

எளிதில் பழகாதது ஞாயிற்றுக்கிழமை. அன்று கடைகள் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். ஞாயிறு ஓய்வை நாட்டின் அரசியல் சட்டமே காக்கின்றது. ஊரில் காலைப் பூசை முடிந்து வெகுநேரம் சென்ற பின்னரே இங்கு விடிகின்றது. முதல் மணி அடித்துவிட்டதென்று எழுப்பும் தாய் இல்லை; ஏன் வரவில்லை என்று கேட்கும் பங்குத்தந்தையும் இல்லை. நாம் செல்லும் ஆலயத்தில் நரைத்த தலைகளே மிகுதி. 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு முறைப்படி விலகினர்.

குடியேறிய இரு வாரங்களுக்குள் நகராட்சியில் பெயரைப் பதியவேண்டும். அங்கு சமயமும் கேட்கப்படுகின்றது. கத்தோலிக்கர் என்று பதிந்தால், பின்னர் வருமான வரி செலுத்தும் நிலை வரும்போது, அவ்வரியில் 9 விழுக்காடு திருச்சபை வரியாகச் சேரும். தொட்டிலில் பெற்ற திருமுழுக்கை இங்கு நாமே அறிக்கையிட வேண்டியதாயிற்று. கத்தோலிக்கர் என்றே எழுதினோம்.

இந்நகரின் லம்பேர்ட்டி ஆலயத்தில்தான் ஆயர் கிளமென்ஸ் ஆகுஸ்ட் ஃபான் காலன், நாசி அரசு நோயாளரையும் மனவளர்ச்சி குன்றியோரையும் கொன்றுவந்ததை 1941 ஆகஸ்ட் 3 அன்று மறையுரையில் வெளிப்படையாகக் கண்டித்தார். 2005இல் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார். வாய்மூடி இருந்திருந்தால் அவருக்கு இடர் ஏதும் இராது. பிறர் வற்புறுத்தாத இடத்திலேயே விசுவாசம் உரைத்துப் பார்க்கப்படுகின்றது என்பதை அவ்வாலயத்தில் நிற்கையில் உணர்கின்றோம்.

பெற்றோர்களே! பல்கலைக்கழக நகரங்கள் பலவற்றில் மாணவருக்கான கத்தோலிக்கச் சமூகங்கள் உள்ளன. தொலைபேசியில் அழைக்கும்போது மதிப்பெண்ணையும் வேலையையும் மட்டும் விசாரியாதீர்கள். மாலை நாலரைக்குள் இருள் சூழும் இந்நாள்களில், “பூசைக்குப் போனாயா? யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?” என்றும் கேளுங்கள். நாலாயிரம் கல் தொலைவுக்கு அப்பால் நம்மை அப்படிக் கேட்பதற்கு ஒருவர் உண்டு என்பதே பெரும் பலம்.