ஈயலம்ப நிலம் தேறிவிட்டதா?

ஈப்போவிலிருந்து வடக்கே செமோரை நோக்கிச் செல்வோர், சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் பழைய ஈயலம்பக் குட்டைகளையும் அவற்றைச் சூழ்ந்த வெள்ளை மணற்பரப்புகளையும் இன்றும் காணலாம். ஒரு பக்கம் பால் மரமும் மறுபக்கம் ஈயலம்பமுமாக வாழ்ந்த வட்டாரம் இது. நம் தோட்ட மக்களில் பலர் காலையில் மரம் சீவிவிட்டு, மாலையில் அம்மணல்மேட்டில் மாடு மேய்த்தவர்களே. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை நிலைகுலைந்த பின்னர் கிந்தா பள்ளத்தாக்கின் லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. லம்பங்கள் போயின, நிலம் மட்டும் கிடக்கிறது. தீபகற்ப மலேசியாவில் இத்தகைய நிலம் ஒரு லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்டது. அதில் பெரும்பங்கு பேராக் மாநிலத்தைச் சேர்ந்தது.

இந்நிலங்களில் சில இப்பொழுது பச்சைப்பசேலெனத் தோன்றுகின்றன. அதைக் கண்டு, "மண் தேறிவிட்டது, இனி எதை நட்டாலும் வரும்" என்று கையிருப்பைச் செலவிட்டுக் கன்று வாங்கி நடுவோர் உண்டு. பச்சையாகத் தெரிவதெல்லாம் தேறிய நிலமன்று. நிலம் தேறியதா என்பதை அளந்தறியும் வழியை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

முதலில் அந்நிலம் எவ்வாறு கெட்டது என்பதை அறிதல் வேண்டும். பம்பு லம்பத்தில் நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, பாலோங் எனப்படும் நீண்ட மரத்தொட்டியின் வழியே ஓடவிட்டனர். கனமான ஈயத்தாது தொட்டியில் தங்கிற்று. மணல் அருகிலேயே குவிந்தது. மென்மையான சேறோ நீருடன் தொலைவு சென்று பள்ளங்களில் படிந்தது. ஆதலின் ஒரே லம்பத்தில் இருவகை மண் உண்டு. மணற்பகுதியில் சத்தும் இல்லை, நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றலும் இல்லை. உச்சிவெயிலில் அங்கு வெறுங்காலை வைக்க இயலாது. இளங்கன்றின் தண்டு தரைமட்டத்திலேயே வெந்துபோகும். சேற்றுப்பகுதியில் நீர் நிற்கும், களையும் மண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்த்து அளப்பது தவறு.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நிலத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நேராக நடக்க வேண்டும். இரண்டு அடி எடுத்து வைத்ததும் நின்று, காலணியின் நுனி எதைத் தொடுகிறது என்று பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். வெறும் மணலா, லாலாங்கா, தொட்டாற்சுருங்கியா, கொடியா, மரக்கன்றா, உதிர்ந்த சருகா? நல்ல இடம் பார்த்துக் காலை வைத்தல் கூடாது. இவ்வாறு நூறு முறை நின்று எழுதினால், கிடைக்கும் எண்ணிக்கையே விழுக்காடு ஆகும்.

எடுத்துக்காட்டாக, நூறில் 19 இடம் வெறும் மணல், 81 இடம் பசுமை என்று கொள்வோம். கேட்பவர் மகிழ்வர். ஆனால் அந்த 81-இல் லாலாங் 54, தொட்டாற்சுருங்கி 9, பயறுவகைக் கொடி 12, மரக்கன்று 6 என்றால், பயனுள்ள பசுமை 18 மட்டுமே. அந்நிலம் களையின் கையில் இருக்கிறது. வறட்சியில் ஒரு சிகரெட் துண்டு விழுந்தால் நட்ட கன்றுகள் யாவும் லாலாங்கோடு சேர்ந்து எரியும். லாலாங்குக்கோ நட்டமில்லை, அதன் கிழங்குவேர் மண்ணுக்கடியில் பத்திரமாக இருந்து, சில நாட்களில் மீண்டும் தளிர்க்கும்.

களையொழிப்பையும் இதே கணக்கால் சோதிக்கலாம். மருந்தடித்து இரண்டு மாதம் கழித்து அதே வழியில் மீண்டும் நடந்து பார்க்க வேண்டும். லாலாங் 54-இலிருந்து 20-ஆகக் குறைந்து, வெறும் மணல் 19-இலிருந்து 53-ஆகக் கூடியிருந்தால், அதனை வெற்றி என்று நாம் ஒப்ப மாட்டோம். அடுத்த பெருமழை அம்மணலை வாரிக்கொண்டு வாய்க்காலில் கொட்டும். களை குறைந்த இடத்தில் கொடி ஏறியிருக்க வேண்டும், அதுவே கணக்கு.

இவ்விடத்தில் தோட்டத் தொழிலாளரின் அனுபவம் பெரிதும் உதவும். மறுநடவு செய்த ரப்பர்க் காட்டில் புவேரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய மூடுபயிர்களை விதைத்தவர்கள் நம்மவர்கள்தாம். இக்கொடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தருகின்றன. கொடி அடர்ந்து படர்ந்தால் நிழலைத் தாங்காத லாலாங் நலியும். விதையின் தோல் கடினமானது. வெந்நீரில் ஊறவைத்து விதைக்கும் பழைய முறையை மறத்தலாகாது. ஆயினும் தோட்டத்து மண் வேறு, லம்பத்து மணல் வேறு. பாறைப் பாஸ்பேட்டும், கோழி எருவோ செம்பனையின் காலிக் குலையோ இட்டாலன்றி, மணலில் கொடி முளைத்து மஞ்சளித்துப் போகும். கிந்தாவின் காய்கறித் தோட்டக்காரர்கள் லம்ப நிலத்தில் பயிர் எடுத்ததும் எருவின் துணையால்தான்.

மருந்தைப் பற்றி ஒரு சொல். தோட்டங்களில் பல்லாண்டு அடிக்கப்பட்ட பாராகுவாட் இலையை மட்டுமே கருக்கிற்று, வேரைத் தொடவில்லை. அடித்தவர்களின் உடலுக்கோ அது கொடிய நஞ்சு. 2020 சனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் அது தடைசெய்யப்பட்டுள்ளது. பழைய புட்டி எங்கேனும் கிடைத்தால் தொடாதீர்கள். கிளைபோசேட் கிழங்குவேர் வரை செல்வது. ஆனால் களிமண்ணும் மக்கும் குறைந்த மணல், மருந்தைப் பிடித்துவைக்கும் ஆற்றல் குறைந்தது. மீன் பிடிக்கும் குட்டையின் ஓரத்தில் மருந்து வேண்டாம், மண்வெட்டியே போதும்.

மரம் நடுவதிலும் இதே கவனம் வேண்டும். மலேசிய வன ஆய்வுக் கழகம் பீடோரில் பழைய லம்ப நிலத்திலேயே மரங்களை நட்டு ஆராய்ந்து வந்துள்ளது. 1966-இல் சபாவுக்குக் கொண்டுவரப்பட்ட அக்கேசியா மங்கியம் மணலிலும் விரைந்து வளரும். நிழலும் சருகும் தரும். ஆனால் தானே விதை பரப்பி, பிற மரங்களுக்கு இடமின்றிச் செய்வதால் அதுவே களையாகவும் மாறக்கூடும். ஆகையால் நிழலில் வேறு மரக்கன்றுகள் தாமாக முளைக்கின்றனவா என்று குனிந்து பார்க்க வேண்டும். முளைத்தால் நிலம் தேறுகிறது என்று பொருள். நிலக்கரி வெட்டிய நிலங்களுக்கும் இச்சோதனை பொருந்தும். 1915 முதல் 1960 வரை நம்மவர்கள் உழைத்த பத்து ஆராங்கும், தமிழகத்து நெய்வேலியின் மண்மேடுகளும் அத்தகையவையே.

இறுதியாக இரண்டு செய்திகள். சில லம்ப மண்ணில் ஆர்செனிக், ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் மிகுந்திருக்கலாம். கீரையும் கிழங்கும் போடுமுன் விவசாய இலாகாவை அணுகி, மண்ணைச் சோதிக்கும் வழியைக் கேட்டறிக. அடுத்து, தற்காலிக நில அனுமதி ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியது. பலன்தரப் பல ஆண்டாகும் டுரியானை நடுமுன், அந்நிலம் யார் பெயரில் உள்ளது, அனுமதி எதுவரை செல்லும் என்பதை நில அலுவலகத்தில் நேரில் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்க.