அனுப்பியாயிற்று, போய்ச் சேர்ந்ததா?

கிளவுட் கணக்கு - 11

சென்ற வாரம் நம் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை மும்பையில் உள்ள அமேசான் தரவு மையத்தில் குடியேற்றினோம். தினசரி பேக்கப் உண்டு. ஒரு இயந்திரம் விழுந்தால் அதன் இடத்தில் நிற்க இன்னொன்றும் உண்டு. இந்த வாரம் சென்னையில் ஓடும் நம் நிரல் அதனோடு பேச வேண்டும். நிரல்கள் தரவுத்தளத்தோடு நேராகப் பேசுவதில்லை, இடையில் ஒரு கிளையன்ட் லைப்ரரி இருக்கும். பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு அது சைக்கோபிஜி, ஜாவாக்காரர்களுக்கு ஜேடிபிசி டிரைவர். இணை, கேள், வாங்கு, மூடு என்று நாலு வரி எழுதினால் வேலை முடிந்தது போலத் தோன்றும்.

அந்த நாலு வரிக்குள் ஆயிரம் கிலோமீட்டர் இருக்கிறது. அதைக் கண்ணில் காட்டாமல் வைப்பதுதான் லைப்ரரியின் திறமை. தரவுத்தளம் பக்கத்து அறையில் இருந்த காலத்தில் அதனால் பெரிய கெடுதல் எதுவும் இல்லை. கிளவுடுக்குப் போன பிறகு, லைப்ரரி எதையெல்லாம் மறைக்கிறது என்று நிரல் எழுதுகிறவர் தெரிந்து வைத்திருந்தே ஆக வேண்டும். இந்தத் தொடரில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம் இது.

முதல் வரியையே எடுத்துக்கொள்வோம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். சென்னைக்கும் மும்பைக்கும் நேர்கோட்டில் சுமார் 1,000 கி.மீ. ஆக, போய்த் திரும்ப ஒரு நடைக்கு எப்படிப் பார்த்தாலும் 10 மில்லி விநாடி ஆகும். கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் ரூட்டர்களும் இருக்கின்றன. எனவே 20 என்று வைத்துக்கொள்வோம். டிசிபி இணைப்புக்கு ஒரு நடை. மறைகுறியாக்கிப் பேசலாமா என்று சர்வரிடம் கேட்க இன்னொன்று. டிஎல்எஸ் 1.3 முறையில் சாவிகளை முடிவு செய்ய மூன்றாவது. பிறகு நம் பெயரைச் சொல்லி, கடவுச்சொல்லை வெளியே விடாமலே அது நம்மிடம் இருப்பதை ஸ்க்ராம் முறையில் நிரூபிக்க மேலும் மூன்று. ஆறு நடைக்கு 120 மில்லி விநாடி போய்விட்டது. நாம் இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மறுமுனையிலும் செலவு இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக ஒரு புராசஸைத் தொடங்கும். 1986-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய திட்டத்திலிருந்து தொடர்ந்து வரும் ஏற்பாடு இது. ஒவ்வொரு புராசஸும் சில மெகாபைட் நினைவகத்தைப் பிடித்துக்கொள்ளும். மாற்றாமல் விட்டால் இணைப்புகளின் உச்சவரம்பு 100. கிளவுட் நிறுவனங்கள் இயந்திரத்தின் நினைவகத்துக்கு ஏற்ப இதைக் கூட்டி வைக்கின்றன. ஆனாலும் வரம்பு வரம்புதான்.

அதனால்தான் பூல். திறந்த இணைப்புகள் சிலவற்றை மூடாமல் வைத்திருந்து, வேண்டும்போது எடுத்துப் பயன்படுத்தித் திருப்பி வைப்பது. ஜாவாவில் பரவலாக உள்ள ஹிகாரிசிபி பூல், சொல்லாவிட்டால் 10 இணைப்புகள் வரை வைத்துக்கொள்ளும். கேட்க மிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளவுடில் கூட்டம் கூடினால் நம் நிரலின் பிரதிகள் தாமாகவே பெருகும். 30 பிரதிகள் என்றால் 300 இணைப்புகள். சர்வர் 'மன்னிக்கவும், ஏற்கெனவே கிளையன்ட்கள் அதிகம்' என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தியை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தும். நெரிசலைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடே தரவுத்தளத்தை மூச்சுத்திணற வைத்துவிடுகிறது. இதற்காக ஸ்கைப் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2007-ல் வெளியிட்ட பிஜிபவுன்சர் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது. நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் தான் வாங்கிக்கொண்டு, சர்வரிடம் சிலவற்றை மட்டும் திறந்து வைக்கும். அமேசான் 2020-ல் இதே வேலைக்கு ஆர்டிஎஸ் பிராக்ஸி என்று ஒன்றைக் கொண்டுவந்தது.

இணைத்த பிறகும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நடை உண்டு. 200 வாடிக்கையாளர்களின் பட்டியலை எடுத்துவிட்டு, ஒவ்வொருவரின் நிலுவைத் தொகையையும் தனித்தனியாகக் கேட்கும் நிரல்களை எங்கும் பார்க்கலாம். 201 கேள்விகளுக்கு 20 மில்லி விநாடி வீதம் நாலு விநாடி. இரண்டு அட்டவணைகளையும் ஜாயின் செய்து ஒரே கேள்வியாகக் கேட்டால் ஒரே நடை. சொந்தக் கணினியில் சோதிக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, மும்பைக்குப் போனதும் வாடிக்கையாளருக்குத்தான் தெரியும். நிரலையும் தரவுத்தளத்தையும் ஒரே ஊரில் வைப்பது நல்லது, முடிந்தவர்கள் அப்படியே செய்யுங்கள். அப்போதும் 201 கேள்விகள் 201 கேள்விகள்தான்.

கேள்வியை லைப்ரரியிடம் எப்படிக் கொடுக்கிறோம் என்பதில் ஒரு பாதுகாப்புப் பிரச்சினை இருக்கிறது. பயனர் தட்டிய பெயரை எஸ்கியூஎல் வாக்கியத்துக்குள் நேரே ஒட்டினால், பெயர் என்ற வேடத்தில் அவர் கட்டளையையே அனுப்பிவிட முடியும். இந்தத் தாக்குதல் 1998-லேயே பொதுவெளியில் விளக்கப்பட்டுவிட்டது. 17 ஆண்டுகள் கழித்து, 2015 அக்டோபரில், பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் அதே வழியாகப் புகுந்து 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்களை எடுத்தார்கள். அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் 4 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.

வாக்கியத்தைத் தனியாகவும் மதிப்புகளைத் தனியாகவும் லைப்ரரியிடம் கொடுப்பதுதான் தீர்வு. இதிலும் லைப்ரரிக்கு லைப்ரரி வித்தியாசம் உண்டு. பழைய சைக்கோபிஜி 2, மதிப்புகளுக்கு மேற்கோள்குறி போட்டுத் தானே வாக்கியத்துக்குள் பொருத்தி அனுப்பும். 2021-ல் வந்த சைக்கோபிஜி 3 இரண்டையும் பிரித்தபடியே சர்வருக்கு அனுப்பிவிடும். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் போஸ்ட்கிரெஸின் அடிப்படை லைப்ரரியான லிப்பிகியூவிலேயே, மேற்கோள்குறி போடும் செயற்கூறுகளில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு அவசரமாக அடைக்கப்பட்டது. சில சூழல்களில், வடிவம் கெட்ட யுடிஎஃப்-8 எழுத்துகளைக் கொடுத்து அதை ஏமாற்ற முடிந்தது. மேற்கோள்குறி போடும் வேலையே இல்லையென்றால் அதில் தவறு நேரவும் இடமில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லிப்பிகியூவுக்கு நாம் எதுவும் சொல்லாவிட்டால், மறைகுறியாக்கம் கிடைத்தால் பயன்படுத்தும், கிடைக்காவிட்டால் இல்லாமலே பேசும். எதிரே இருப்பது உண்மையில் நம் சர்வர்தானா என்று சான்றிதழைச் சரிபார்க்காது. வெரிஃபை-ஃபுல் என்ற அமைப்பை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எழுத்து என்றதும் தமிழுக்கே உரிய ஒரு சங்கடம் நினைவுக்கு வருகிறது. படிவத்தில் தமிழில் பெயரைக் கொடுத்தால் திரும்பி வரும்போது வரிசையாகக் கேள்விக்குறிகள் நிற்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். தரவுத்தளம் யுடிஎஃப்-8 ஆகவே இருக்கலாம். ஆனால் லைப்ரரி இணைக்கும்போது தன் மொழிக்குறியீடு லத்தீன்-1 என்று சொல்லியிருந்தால், மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளம் அதற்காக மாற்றும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் கேள்விக்குறியாகிவிடும். அதையே யாராவது திரும்பச் சேமித்துவிட்டால் பெயரை மீட்கவே முடியாது. மைஎஸ்கியூஎல்லில் யுடிஎஃப்8 என்ற பெயரில் நெடுங்காலம் இருந்தது ஒரு குறிக்கு 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. வழக்கமான தமிழ்க் குறிகள் மும்மூன்று பைட்டுக்குள் அடங்கிவிடுவதால் தப்பித்தோம். 2019-ல் யூனிகோடு சேர்த்துக்கொண்ட பழைய தமிழ்ப் பின்னக் குறியீடுகளுக்கு 4 பைட் வேண்டும். கல்வெட்டு, ஓலைச்சுவடிக் கணக்குகளைத் தரவுத்தளத்தில் ஏற்றுகிறவர்கள் யுடிஎஃப்8எம்பி4 என்று கேட்டு வாங்குங்கள், தரவுத்தளத்திலும் லைப்ரரியின் இணைப்பு அமைப்பிலும்.

இனி தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒருவர் மின் கட்டணம் கட்டுகிறார். நம் நிரல் பரிவர்த்தனையைத் தொடங்கி, கணக்கில் 1,240 ரூபாயை வரவு வைத்து, பில்லைக் கட்டியாயிற்று என்று குறித்துவிட்டு, கமிட் அனுப்புகிறது. பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. லைப்ரரி ஒரு பிழையை நீட்டுகிறது. பணம் வரவானதா, இல்லையா?

தெரியாது என்பதுதான் நேர்மையான பதில். பதிவுத் தபால் அனுப்பிவிட்டு ஒப்புகை அட்டைக்குக் காத்திருந்தவர்களுக்கு இது புரியும். தபாலே தொலைந்திருக்கலாம், தபால் சேர்ந்து அட்டை மட்டும் தொலைந்திருக்கலாம், அனுப்பியவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நம்பமுடியாத பாதையில் செய்தி அனுப்பும் இருவர், இருவருக்கும் உறுதி ஏற்படும்படி ஒருபோதும் உடன்பட முடியாது என்பது 1970-களிலேயே நிறுவப்பட்டுவிட்டது. பரிவர்த்தனைகளின் இலக்கணத்தை வகுத்தவர்களில் முதன்மையானவரான ஜிம் கிரே 1978-ல் அதற்கு இரு தளபதிகளின் முரண் என்று பெயர் வைத்தார். எந்த லைப்ரரியும் இதைத் தாண்ட முடியாது. பிழை வந்தால் நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பும் நிரல், ஒருவரிடம் இரண்டு முறை பணம் எடுத்ததாகக் கணக்கு எழுதும். மறுபடி அனுப்பாத நிரல், கட்டியவரைக் கட்டாதவர் பட்டியலில் வைக்கும்.

கிளவுடில் இந்த அறுபடுதல் அபூர்வமும் அல்ல. முதன்மை இயந்திரம் பழுதானால் மாற்று இயந்திரம் பொறுப்பேற்க வழக்கமாக 60 முதல் 120 விநாடி ஆகும் என்று அமேசானே சொல்கிறது. செத்துப்போன இயந்திரம் விடைபெற்றுக்கொண்டு போவதில்லை. நம் பக்கத்து லினக்ஸ், பதில் வராத செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துக் கைவிட ஏறத்தாழ 15 நிமிடம் எடுத்துக்கொள்ளும். புதிய இயந்திரம் எப்போதோ தயாராகிவிட்டிருக்கும், நம் லைப்ரரியோ பழையதன் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். லிப்பிகியூவில் இதைச் சில விநாடிகளாகச் சுருக்க 2019-ல் டிசிபி யூசர் டைம்அவுட் என்ற அமைப்பு வந்தது. புது இணைப்புக்கு எத்தனை விநாடி காத்திருப்பது என்ற கனெக்ட் டைம்அவுட்டும், நாம் சொல்லாவிட்டால் வரம்பில்லாமல்தான் இருக்கும்.

சரி, 1,240 ரூபாய் என்ன ஆனது? இரண்டு வழிகள் இருக்கின்றன. 2017-ல் வந்த போஸ்ட்கிரெஸ் 10, இந்தச் சிக்கலுக்கென்றே ஒரு செயற்கூறைக் கொடுத்தது. கமிட் அனுப்பும் முன் பரிவர்த்தனையின் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இணைப்பு அறுந்தால் புது இணைப்பில் போய், இந்த எண் கமிட் ஆனதா, ரத்தானதா, இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா என்று கேட்கலாம். பழைய பரிவர்த்தனைகளை அது மறந்துவிடும், எனவே உடனே கேட்க வேண்டும்.

நான் அதிகம் நம்புவது இரண்டாவது வழியை. பயனர் பொத்தானை அழுத்திய கணத்திலேயே, தரவுத்தளத்துக்குப் போகும் முன்பே, அந்தக் கட்டணத்துக்கு ஒரு தனி எண்ணை உருவாக்கிவிடுவது. வரவு வைக்கும் அதே பரிவர்த்தனைக்குள் அந்த எண்ணையும், இரண்டாம் முறை நுழைய முடியாத யூனிக் கட்டுப்பாட்டோடு பதிவு செய்வது. சந்தேகம் வந்தால் அதே எண்ணோடு தயங்காமல் மறுபடி அனுப்பலாம். முதல் முறையே சேர்ந்திருந்தால் தரவுத்தளம் இரட்டைப் பதிவு என்று மறுத்துவிடும். அந்த மறுப்பை நிரல் வெற்றி என்று படிக்க வேண்டும். எத்தனை முறை அனுப்பினாலும் வரவு ஒன்றுதான். பணம் கையாளும் எந்த நிரலும் இது இல்லாமல் வெளியே போகக் கூடாது.

மறுபடி செய்வதில் இன்னொரு வகை உண்டு. இருவர் ஒரே வரியைத் தொட்டு மோதும்போது தரவுத்தளமே ஒருவரை நிறுத்தி, முதலிலிருந்து வா என்று சொல்லும். போஸ்ட்கிரெஸில் அதன் குறி 40001. இங்கே குழப்பமில்லை, பரிவர்த்தனை நிச்சயமாக நடக்கவில்லை. ஆனால் சைக்கோபிஜி அதைப் பிழையாக நம்மிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், மறுபடி ஓட்டுவது நம் வேலை. கூகுள் 2012-ல் ஆய்வுக் கட்டுரையாக அறிவித்து 2017-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்பேனர் தரவுத்தளத்தின் லைப்ரரி வேறு வழியில் போகிறது. பரிவர்த்தனையை ஒரு செயற்கூறாக எழுதி லைப்ரரியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மோதல் வந்தால் அதுவே எடுத்து மறுபடி ஓட்டும், தேவைப்பட்டால் மூன்றாம் முறையும்.

இது மிக வசதியான ஏற்பாடு, ஆனால் அந்தச் செயற்கூறுக்குள், கட்டணம் கிடைத்தது என்று எஸ்எம்எஸ் அனுப்பும் வரி ஒன்றை எழுதிவிட்டால் வாடிக்கையாளருக்கு ஒரே கட்டணத்துக்கு மூன்று செய்திகள் போகும். தரவுத்தளம் தன் அட்டவணைகளில் எழுதியதைத் திரும்ப அழித்துக்கொள்ளும், கைபேசிக்குப் போன செய்தியை அழிக்க அதனால் முடியாது. எனவே எஸ்எம்எஸ்ஸை அங்கே அனுப்பாமல், அனுப்ப வேண்டியவை என்ற ஒரு அட்டவணையில் அதே பரிவர்த்தனைக்குள் ஒரு வரியாக எழுதி வைப்பார்கள். கமிட் ஆனால் அந்த வரி இருக்கும், ரத்தானால் இருக்காது. தனியாக ஓடும் இன்னொரு நிரல் அதைப் படித்து அனுப்பும். அந்த நிரல் இரண்டு பிரதிகளாக ஓடினால் ஒரே வரியை இருவரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ள, 2016-ல் போஸ்ட்கிரெஸ் 9.5 கொண்டுவந்த ஸ்கிப் லாக்ட் என்ற சொற்றொடர் இருக்கிறது. அதை அடுத்த வாரம் எழுதிப் பார்ப்போம்.

(தொடரும்)