மகளின் கட்டுரையும் நன்னூலும்

சென்ற பூஜை விடுமுறையில் என் இளைய மகள் எம்.ஏ. வரலாற்றுக்காக எழுதிய கட்டுரையை என் முன் போட்டாள். பன்னிரண்டு பக்கம். பொருள், நமது ஹவுரா பாலம். பேராசிரியர் ஓரத்தில் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: "நீ சொல்ல வருவது என்ன?" அவளுக்கு அழுகை வராத குறை.

படித்துப் பார்த்தேன். ஆதி மனிதன் மரத்தைப் போட்டு ஓடையைக் கடந்ததில் ஆரம்பித்திருந்தாள். 1874-இல் வந்த மிதவைப் பாலம், 1943-இல் திறந்த புதிய பாலம், 26,500 டன் எஃகு, 1965-இல் ரவீந்திர சேது எனப் பெயர் மாறியது, எல்லாம் இருந்தன. தவறு ஒன்றுமில்லை. ஆனால் எதற்காக இதெல்லாம் என்பதுதான் தெரியவில்லை.

நான் வெறும் டிப்ளமாக்காரன். ரயில்வேயில் சேர்ந்த புதிதில் ஒரு சிறு பாலத்தைப் பார்வையிட்டு ஐந்து பக்க ரிப்போர்ட் எழுதினேன். இரண்டாவது தூணடியில் மண் அரித்திருக்கிறது, மழைக்கு முன் கல் கொட்ட வேண்டும் என்ற விஷயத்தை நான்காம் பக்கத்தின் நடுவே வைத்திருந்தேன். அவ்வளவு தூரம் யாரும் படிக்கவில்லை. வெள்ளம் வந்தது. வண்டிகளை நடை வேகத்தில் விட்டு, மூன்று இரவு கையில் டார்ச்சுடன் தூணருகே நின்றோம். நல்லவேளை, பாலம் தாங்கியது. பிறகு அந்தப் பைலை எடுத்துப் பார்த்தால், எனக்கே அந்த வரியைத் தேட வேண்டியிருந்தது.

இதை மகளிடம் சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து நன்னூலை எடுத்தேன். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்தது. இலக்கணம் என்றதும் நம் பிள்ளைகள் ஓடுவார்கள். ஆனால் அதன் பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களும் பத்து அழகுகளும் வரிசையாக உள்ளன. மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் என்று நான் சொல்லச் சொல்ல, பென்சிலால் தன் கட்டுரையில் அவளே குறித்தாள். ஆதி மனிதன் முதலில் போனான்.

"சரிம்மா, ஒரே வாக்கியத்தில் சொல்லு, உன் கட்சி என்ன?" என்றேன்.

வெகுநேரம் யோசித்தாள். "பாலத்தின் உருவத்தைத் தீர்மானித்தது ரோடு இல்லைப்பா, ஆறு" என்றாள்.

அதுதான் முதல் வரியாயிற்று. கப்பல் போக மிதவைப் பாலத்தைத் திறந்தபோதெல்லாம் வண்டிகள் நின்றது முதல் சான்று. புதிய பாலத்துக்கு ஆற்றினுள் தூணே வைக்காமல், 1,500 அடி இடைவெளியைக் கரையிலிருந்தே நீட்டித் தாங்கியது அடுத்தது. ஆற்றோடு சேராத எதையும், 26,500 டன் உட்பட, மனமில்லாமல் அடித்தாள். பன்னிரண்டு பக்கம் ஏழாயிற்று. இம்முறை பேராசிரியர் ஓரத்தில் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். இரண்டும் ஆற்றைப் பற்றியவை.

இக்கட்டுரையையும் அவளிடம் காட்டினேன். தொடக்கத்தில் என் மாயவரத்துப் பள்ளி நாட்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். "மற்றொன்று விரித்தல்" என்று அடித்துவிட்டாள்.