வாப்பா போட்ட அப்பீல்: யாரும் வராத நாளில் என்ன நடக்கிறது?

பம்பலப்பிட்டியில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கையொன்றில் ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்வோம். அதன் உரிமை தொடர்பான வழக்கில் மாவட்ட நீதிமன்றத்தில் தோற்ற வாப்பா மேன்முறையீடு செய்கிறார். ஆண்டுகள் ஓடுகின்றன. வாப்பா வபாத்தாகிறார். மகன் டோஹாவில், மகள் லண்டனில், வீட்டில் உம்மா மட்டும். ஒருநாள் புதுக்கடையில் அந்த வழக்கின் பெயர் கூப்பிடப்படுகிறது. யாரும் எழுந்து நிற்கவில்லை. மேன்முறையீடு தள்ளுபடியாகிறது. தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் அறிவித்தல் வீட்டுக்கு வரும்போதுதான் குடும்பத்துக்கு விஷயமே தெரிகிறது.

இது கற்பனைக் குடும்பம். ஆனால் இப்படியொரு கோப்பு அலுமாரிக்குள் கிடக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு.

எமது நாட்டில் வழக்கு இழுபடுவது புதிதல்ல. உலக வங்கி 2020ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட வணிகச் சூழல் அறிக்கை, இலங்கையில் ஓர் ஒப்பந்தத்தை நீதிமன்றம் மூலம் அமுல்படுத்த 1,318 நாட்கள் ஆவதாகக் கணக்கிட்டது. மூன்றரை வருடத்துக்கும் மேல்! அதுவும் முதல் நீதிமன்றத்துக்கு மட்டும்தான். மாவட்ட நீதிமன்ற மேன்முறையீடுகளைத் துரிதப்படுத்தவே 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் மாகாண மேல் நீதிமன்றங்களுக்குக் குடியியல் மேன்முறையீட்டு அதிகாரம் கொடுக்கப்பட்டது. ஆனாலும் தாமதம் தீரவில்லை.

மேன்முறையீட்டாளரோ அவரது சட்டத்தரணியோ வராவிட்டால் என்ன செய்வது என்பதைக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 769ஆம் பிரிவு சொல்கிறது. நீதிமன்றம் மேன்முறையீட்டைக் கவனத்தில் எடுத்து, தகுந்தது எனக் கருதும் கட்டளையை ஆக்கலாம். நடைமுறையில் அது பெரும்பாலும் தள்ளுபடிதான். அத்தோடு மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு அப்படியே நிலைத்துவிடும். வாப்பாவின் நியாயத்தை யாரும் கேட்டு நிராகரித்ததாக இதற்கு அர்த்தமில்லை. அதைக் கேட்கவே இல்லை.

பலர் அறியாத சிக்கல் 'புரொக்சி'யில் இருக்கிறது. "லோயர் பார்த்துக்கொள்வார்" என்று நாம் சும்மா இருந்துவிடுகிறோம். ஆனால் கட்சிக்காரர் மரணித்தால் அவர் கொடுத்த புரொக்சியும் அத்தோடு முடிந்துவிடும். அதன் பிறகு அந்தச் சட்டத்தரணி யாருக்காக ஆஜராவது? சட்டத்தரணி மரணித்தாலும் இதே கதைதான், புதியவரை நியமிக்க வேண்டும்.

கட்சிக்காரர் மரணித்தால் அவரது இடத்துக்கு அனந்தரக்காரர்களைப் பதிலீடு செய்ய 760அ பிரிவு வழிவிடுகிறது. நீதிமன்றத்துக்கு மரணம் அறிவிக்கப்பட வேண்டும். மரணச் சான்றிதழ், சத்தியக் கடதாசி, அனந்தரக்காரர்களின் விபரம் எல்லாம் தேவை. எமது குடும்பங்களில் இது லேசான வேலையல்ல. மனைவி, ஆண் மக்கள், பெண் மக்கள், சிலவேளை மரணித்தவரின் தாய் தந்தை என்று பங்குக்காரர்கள் பலர், அதிலும் பாதிப்பேர் வெளிநாட்டில். சொத்தைப் பங்கு பிரிப்பதில் காட்டும் அவசரத்தை, அந்தச் சொத்தைக் காக்கும் வழக்கில் நாம் காட்டுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தள்ளுபடியானால் எல்லாம் முடிந்ததா? இல்லை. போதிய காரணம் காட்டினால் மேன்முறையீட்டை மீண்டும் பட்டியலில் சேர்க்க அதே 769ஆம் பிரிவு இடமளிக்கிறது. இலங்கைச் சட்ட அறிக்கைகளில் 1994இல் வெளியான ஜினதாச எதிர் சாம் சில்வா தீர்ப்பு இவ்வாறான விண்ணப்பங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. திடீர் நோய், விபத்து என்றால் அதற்கான ஆதாரத்தோடு, தெரியவந்த உடனேயே போக வேண்டும். "லோயர் சொல்லவில்லை" என்ற ஒரு வரி பெரும்பாலும் போதாது. மாதக்கணக்கில் தாமதித்துப் போனால் அந்தத் தாமதத்துக்கும் தனியாகக் காரணம் சொல்ல வேண்டிவரும்.

பல வருடம் காக்க வைத்துவிட்டு, ஒரு நாள் வராததற்காகக் கதவைச் சாத்துவது நியாயமா என்ற கேள்வி எனக்கும் உண்டு. பழைய மேன்முறையீடுகளில், சட்டத்தரணிக்கு மட்டுமன்றி வழக்குக்குரிய வீட்டு முகவரிக்கும் அறிவித்தல் போன பிறகே தள்ளுபடிக் கட்டளை வர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். எதிர்த்தரப்பும் அதே வருடங்கள் காத்திருந்தது என்பதையும் மறுக்க முடியாது.

அதுவரை, அலுமாரியில் கிடக்கும் அந்தக் கோப்பை ஒருமுறை வெளியே எடுங்கள். முதல் பக்கத்தில் வழக்கு இலக்கம் இருக்கும். அதைக் கொண்டுபோய்ப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால் அடுத்த தவணை எப்போது என்று தெரிந்துகொள்ளலாம்.