காய்வதல்ல, இறுகுவது

“எண்ணெய் பூசினா எப்படிடா காயும்? தலையில தேய்ச்ச எண்ணெய் என்னைக்காவது காஞ்சிருக்கா?”

சென்ற தவணை விடுமுறையில், நானே செய்த மின்கித்தாருக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்ட கேள்வி இது. பொறியியல் படிக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் வேலையைத் தொடங்கியது எவ்வளவு பெரிய தவறு என்பது மூன்றாம் நாள் புரிந்தது. கைவேலையில் ஆர்வமுள்ள நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

கித்தாரின் உடல் ரப்பர் மரப் பலகை. பால் குறைந்த மரங்களை ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டிவிடுவார்கள். முன்பு பெரும்பாலும் விறகான அந்த மரம் இன்று மேசை நாற்காலியாகிறது. என் தாத்தா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அந்த மரத்தின் ரேகைகளைச் சாயம் அடித்து மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் எண்ணெயைத் தேர்ந்தெடுத்தேன்.

எல்லா எண்ணெயும் இதற்கு உதவாது. ஈரத்துணி நீரை இழந்து உலர்கிறது. ஆளிவிதை எண்ணெயோ எதையும் இழந்து காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு திடப்படலமாக இறுகுகிறது. இதற்கு எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய இருக்கவேண்டும். அவற்றைக் காட்டும் அளவு அயோடின் எண். ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170க்கு மேல். தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 10 மட்டுமே. தலையில் தேய்த்த எண்ணெய் காயாததன் காரணம் இதுதான்.

இனி செய்முறை. பலகையை 120, 180, 240 எண் மணல்தாள்களால் வரிசையாகத் தேய்க்கவேண்டும். பிறகு ஈரத்துணியால் துடைத்தால் நார்கள் எழும்பி நிற்கும். நன்றாக உலர்ந்தபின் 320 எண் தாளால் மெல்லத் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிடலாம். கழுத்துப் பகுதி பொருந்தும் குழியில் எண்ணெய் படாதபடி டேப் ஒட்டவேண்டும்.

எண்ணெயைத் துணியில் தொட்டு ரேகையின் போக்கில் தடவி, 15 நிமிடம் ஊறவிட்டு, மேலே நிற்பதை முழுவதும் துடைத்து எடுக்கவேண்டும். நான் முதலில் “கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பளபளக்குமே” என்று துடைக்காமல் விட்டேன். மேற்பரப்பு ஆடைபோல் மூடிக்கொண்டது. அடியில் இருந்த எண்ணெய்க்குக் காற்று கிடைக்கவில்லை. பிசுபிசுப்பு போகவே இல்லை. மீண்டும் மணல்தாளை எடுக்க வேண்டியதாயிற்று.

மெல்லிய பூச்சாக ஐந்து முறை பூசினேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. நம் நாட்டு மழைக்காலத்தில் இரண்டு நாள் விடுவது நல்லது. கடைகளில் ‘கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெய்’ என்று விற்பதை வாங்குங்கள். இறுகுவதை விரைவுபடுத்தும் உலோக உப்புகள் அதில் சேர்ந்திருக்கும். பச்சை எண்ணெய் வாரக்கணக்கில் காக்க வைக்கும்.

இப்போது அந்த மூன்றாம் நாளுக்கு வருகிறேன். துடைத்த துணிகளைச் சுருட்டிப் பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டு அறைக்குப் போய்விட்டேன். இரவில் அம்மா கூப்பிட்டார்: “ஏதோ தீயுற வாசம் வருதுடா.” வாளியில் கையை விட்டேன், சுட்டது. துணிகளை உடனே தண்ணீரில் போட்டேன்.

எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. கித்தாரின் மேல் அது காற்றில் கலந்துவிடும். சுருட்டிய துணிக்குள் வெளியேற வழியில்லாமல் சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே தீ பிடிக்கலாம். 1991 பிப்ரவரி 23ஆம் நாள், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ‘ஒன் மெரிடியன் பிளாசா’ என்ற 38 மாடிக் கட்டடம் தீப்பற்றியது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகள் 22ஆம் மாடியில் குவிந்து கிடந்ததே காரணம். மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர்.

ஆகவே, பயன்படுத்திய துணியை வீட்டுக்கு வெளியே தனித்தனியாக விரித்து, விறைக்கும்வரை விடுங்கள். அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். விடுதி அறையின் குப்பைத்தொட்டியில் மட்டும் போடாதீர்கள்.

ஐந்தாம் பூச்சு முடிந்ததும் நான்கு வாரம் காத்திருந்தேன். தொட்டால் காய்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே இறுகுவது தொடரும். மூக்கருகே கொண்டுபோனால் எண்ணெய் வாசம் வரக்கூடாது. அதுவே நான் வைத்த சோதனை. அதன் பிறகுதான் கம்பிகளைக் கட்டினேன்.

அம்மா கித்தாரைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார். “காஞ்சிருச்சே!” என்றார்.

“காயலம்மா, இறுகிடுச்சு” என்றேன். பிறகு முழு விளக்கத்தையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “அந்தத் துணியெல்லாம் எங்க?”