போஸ்ட்டாக்: எந்த ஆய்வகம் என்பதற்கு முன், யார் பணம்?

உயிர்வேதியியலிலோ மூலக்கூறு உயிரியலிலோ முனைவர் பட்டம் முடிப்பவர்கள் அடுத்து போஸ்ட்டாக் எனும் முதுமுனைவர் ஆய்வுக்கு எந்த நாடு, எந்த ஆய்வகம் என்று விசாரிக்கிறார்கள். சம்பளம் யார் பெயரில் வரும் என்று விசாரிப்பவர்கள் குறைவு. பேராசிரியரின் திட்ட நிதியில் சேர்ந்தால், அவர் எந்தக் கேள்விக்காக நிதி வாங்கினாரோ அதற்குத்தான் உழைக்க வேண்டும். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். போட்டியிட்டுத் தன் பெயரில் ஃபெல்லோஷிப் பெற்றவருக்குக் கேள்வியும் பெருமளவு தன்னுடையது. பின்னாளில் ஆசிரியர் பணி நேர்காணலில் எடைபோடப்படுவது அந்தச் சொந்தக் கேள்விதான்.

ஆனால் இத்தகைய ஃபெல்லோஷிப்புகளுக்குக் கெடு உண்டு. எம்போ (ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பு) தரும் ஃபெல்லோஷிப்புக்கு முனைவர் பட்டம் பெற்ற 2 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பட்டம் கைக்கு வருமுன்பும் விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் போஸ்ட்டாக் ஆய்வாளர்களுக்கான கே99 நிதி விருதுக்கு அந்நாட்டுக் குடியுரிமை தேவையில்லை. போஸ்ட்டாக் அனுபவம் 4 ஆண்டைத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெல்லோஷிப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். போகவிருக்கும் நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்தவருக்கு அங்கே செல்ல அது கிடைக்காது. முதலில் திட்டச் சம்பளத்தில் ஜெர்மனி போய்விடலாம், நிதானமாக விண்ணப்பிக்கலாம் என்று நினைப்பவர், ஓராண்டு கழிந்ததும் ஜெர்மனிக்கான தகுதியை இழந்திருப்பார்.

குடும்பச் செலவு காத்திருக்குமா என்று கேட்பது நியாயம். இந்தியாவில் முதல் நிலை ரிசர்ச் அசோசியேட்டுக்கு 2023-இல் உயர்த்திய விகிதப்படி மாதம் 58,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் உண்டு. ஃபெல்லோஷிப் முடிவுக்கோ மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். திட்டப் பணியில் சேருங்கள், தவறில்லை; விண்ணப்பத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பெரிய ஆய்வகத்தின் பெயரே வேலை வாங்கித் தருமே என்பது இன்னொரு வாதம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் பட்டம் பெற்று, உயிரியலுக்கு மாறி, யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரிடம் ரைபோசோமை ஆராய்ந்தார். யேலின் பெயர் இருந்தும், அவர் விண்ணப்பித்த சுமார் 50 கல்வி நிறுவனங்கள் வேலை தரவில்லை. அங்கிருந்து எடுத்துச் சென்ற ரைபோசோம்தான் 2009-இல் அவருக்கு நோபலைப் பெற்றுத் தந்தது. எல்லாருக்கும் நோபல் கிடைக்காது, உண்மைதான். ஆனால் கையோடு கொண்டுபோக ஒரு சொந்தக் கேள்வி எல்லாருக்கும் வேண்டும். அதற்காக, ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு ஓராண்டு முன்பே பேராசிரியர்களுக்கு எழுதத் தொடங்குங்கள். 'போகும்போது இந்த ஆய்வை நான் கொண்டுபோகலாமா?' என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், வேறு ஆய்வகம் பாருங்கள்.