கிரைண்டர் கவசமும் கைவிரல்களும்

சில மாதங்களுக்கு முன்பு ஒரு மாலை வேளையில், டைல்ஸ் ஒட்டும் தொழிலாளி ஒருவர் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டார். அவருடைய இடக்கைக் கட்டைவிரல் துண்டாகியிருந்தது. உடன் வந்த மனைவி, அந்த விரலைத் தேடியெடுத்து, ஒரு டிபன் டப்பாவில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்திருந்தார். பதற்றத்திலும் அவர் காட்டிய நிதானம் பாராட்டத்தக்கது. ஆயினும், ஐஸ் நேரடியாகப் பட்டதால் விரலின் திசுக்கள் உறைந்து சிதைந்துவிட்டன. அதை மீண்டும் பொருத்த இயலவில்லை.

"கிரைண்டரில் கவசம் இல்லையா?" என்று கேட்டேன்.

"மூலையில் வெட்டுவதற்கு இடைஞ்சலாக இருந்தது. ஒரு நிமிட வேலைதானே என்று கழற்றினேன், டாக்டர்" என்றார்.

கை அறுவை சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் எனக்கு இந்தப் பதில் புதிதல்ல. திறமைக் குறைவால் காயமடைந்து வருவோரைவிட, நன்கு பழகிய வேலையில் "ஒரு நிமிடம்தானே" என்று எண்ணிக் காயமடைந்து வருவோரையே நான் மிகுதியாகக் காண்கிறேன். கட்டுமானத் தொழிலில் இருப்போரும், வீட்டில் டிரில், கட்டர் போன்ற கருவிகளைப் பயன்படுத்துவோரும், அவர்களுடைய குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

கவசம் ஏன் இன்றியமையாதது?

4 அங்குலக் கிரைண்டரின் பிளேடு நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை சுழல்கிறது. அப்போது அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. பிளேடு உடைந்தால் அதன் துண்டுகளும் அதே வேகத்தில் தெறிக்கும். வெட்டும் பொருளுக்குள் பிளேடு இறுகிக்கொண்டால், இயந்திரம் திடீரெனப் பின்னோக்கித் துள்ளும். அந்தத் துள்ளலைக் கண்டு கையை விலக்கிக்கொள்ள மனிதருக்கு நேரம் கிடைக்காது. அந்நேரத்தில் பிளேடுக்கும் உங்களுக்கும் நடுவே நிற்பது கவசம் ஒன்றே.

பக்கக் கைப்பிடியைப் பொருத்தி, இரு கைகளாலும் இயந்திரத்தைப் பிடிக்க வேண்டும். வெட்டும் பொருளை மற்றொரு கையாலோ காலாலோ அழுத்திப் பிடிக்காமல், கிளாம்ப் கொண்டு இறுக்க வேண்டும். வலக்கையில் இயந்திரமும் இடக்கையில் டைல்ஸும் இருக்கும்போது, துள்ளும் பிளேடு இடக்கையையே தாக்குகிறது. சுவிட்சை நிறுத்திய பின்னும் பிளேடு சில விநாடிகள் சுழலும். அது முற்றிலும் நின்ற பிறகே கீழே வைக்க வேண்டும்.

பொருந்தாத பிளேடு

7 அங்குலப் பிளேடைச் சிறிய கிரைண்டரில் மாட்டுவது மிக ஆபத்தானது. அதை மாட்டுவதற்கே கவசத்தைக் கழற்ற வேண்டியிருக்கும். மேலும், அத்தகைய பிளேடு பொதுவாக நிமிடத்துக்குச் சுமார் 8,500 சுழற்சிகளையே தாங்கும். சிறிய கிரைண்டரின் வேகத்தில் அது சிதறிவிடலாம். தாங்கும் வேகம் பிளேடிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அது இயந்திரத்தின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. மரம் அறுக்கும் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டுவதும் கூடாது. அது மரத்தில் சிக்கியவுடன் இயந்திரம் கையைவிட்டுத் துள்ளும். அவ்வாறு ஏற்படும் காயங்கள் ஆழமானவை. கீழே விழுந்த, விரிசல் கண்ட, ஈரத்தில் ஊறிய வெட்டுச் சக்கரங்களை அகற்றிவிடுங்கள்.

மின்சாரமும் ஈரமும்

மார்பிள் வெட்டும்போது தண்ணீர் ஊற்றுவது வழக்கம். அது தூசியைக் குறைக்கும். ஆனால் ஈரத்தில் மின்கசிவு உயிருக்கே ஆபத்தாகும். சுமார் 10 மில்லிஆம்பியர் மின்சாரம் உடலில் பாய்ந்தாலே கைத்தசைகள் இறுகி, பிடித்த கருவியை விட முடியாமல் போகலாம். சாதாரண எம்.சி.பி. இந்தச் சிறிய கசிவை உணராது. 30 மில்லிஆம்பியர் அளவுள்ள ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவு தடுப்பானே மின்சாரத்தை நொடிப்பொழுதில் துண்டிக்கும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிளக் இன்றி வயர் முனைகளைத் தீக்குச்சியால் சாக்கெட்டில் செருகும் பழக்கத்தை அறவே கைவிட வேண்டும்.

வாரம் ஒருமுறை பராமரிப்பு

பிளக்கைக் கழற்றிய பிறகே எந்தப் பராமரிப்பையும் தொடங்க வேண்டும். பிளேடு மாற்றும்போதும் இதுவே விதி. வயர் முழுவதையும் பார்த்து, வெட்டோ டேப் சுற்றிய இணைப்போ இருந்தால் புது வயர் போடச் செய்யுங்கள். காற்றுத் துளைகளில் படிந்த தூசியை அகற்றுங்கள். வழக்கத்துக்கு மாறாக மோட்டாரில் தீப்பொறி பறந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பழுதுபார்க்கும் வரை பயன்படுத்தாதீர்கள். சுவிட்சிலிருந்து விரலை எடுத்தவுடன் இயந்திரம் நிற்கிறதா என்றும் சரிபாருங்கள்.

கண்ணாடி, முகக்கவசம், உடை

கண்களைப் பக்கவாட்டிலும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடியை அணியுங்கள். கல், கான்கிரீட், டைல்ஸ் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் என்னும் மீளாத நோய் உண்டாகும். காசநோய் தொற்றும் வாய்ப்பும் கூடும். துணியைக் கட்டிக்கொள்வது இந்த நுண்தூசியைத் தடுக்காது. என்95 முகக்கவசம் தேவை. லுங்கி, தோள் துண்டு, தளர்ந்த சட்டைக் கை ஆகியவை சுழலும் கருவியில் சிக்கும்.

சிகிச்சை பெறுவோர் கவனத்துக்கு

வலிப்பு நோய்க்கு மருந்து உண்போர், தூக்கம் தரும் மாத்திரைகளோ சளி மாத்திரைகளோ உட்கொள்வோர், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்போர், பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் ஆகியோர் இக்கருவிகளைப் பயன்படுத்துமுன் தங்கள் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

விபத்து நேர்ந்தால்

முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். காயத்தின்மீது தூய துணியை வைத்து நன்கு அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் போடாதீர்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் உண்ணவோ பருகவோ கொடுக்காதீர்கள். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

விரல் துண்டானால், அதைச் சலைனிலோ சுத்தமான நீரிலோ நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு வாயை இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் கலந்த நீருள்ள மற்றொரு பையில் வையுங்கள். ஐஸ் விரலைத் தொடக் கூடாது. சிறு தோலில் தொங்கும் விரலைப் பிய்த்தெடுக்காதீர்கள். கையே துண்டானால், தசைகள் விரைவில் அழியும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

மின்சாரம் தாக்கியவரை நேரடியாகத் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். இயலாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் விலக்குங்கள். அவர் நலமாகத் தோன்றினாலும் மருத்துவமனையில் இதயத் துடிப்பைப் பரிசோதிப்பது அவசியம். கண்ணில் துகள் விழுந்தால் கசக்கக் கூடாது. பஞ்சால் எடுக்கவும் முயலக் கூடாது.

முதலில் குறிப்பிட்ட தொழிலாளி, பல வாரப் பயிற்சிக்குப் பிறகு வேலைக்குத் திரும்பியிருக்கிறார். கட்டைவிரலின்றிப் பொருளைப் பற்றுவதை அவர் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. கடைசியாகப் பரிசோதனைக்கு வந்தபோது அவருடைய மனைவி கூறினார்: "காலையில் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கொடுக்கும்போது மெஷினில் கவசம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன், டாக்டர்."

இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இதை வாசிக்கும் குடும்பத்தினரும் நாளைக் காலை முதல் அவ்வாறே செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.